மதுரையில் வாங்கிய பட்டம் லண்டனில் செல்லுமா?

மதுரை மருத்துவக் கல்லூரியில் படித்த அண்ணன் தம்பி இருவர் என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் 1970ல் எம்.பி.பி.எஸ். பட்டம் வாங்கினார். தம்பி 1976ல் வாங்கினார். இருவருக்கும் பாடம் ஒன்று, புத்தகம் ஒன்று, நின்று கற்றுக்கொண்ட வார்டும் ஒன்று. அண்ணன் தன் பட்டத்தைக் காட்டி இங்கிலாந்தில் டாக்டராகப் பதிவு செய்துகொள்ளலாம். தம்பியின் பட்டம் அங்கே செல்லாது. அவர் மறுபடியும் ஒரு பரீட்சை எழுத வேண்டும்.

இடைப்பட்ட ஆறு வருஷத்தில் மதுரையில் என்ன கெட்டுப்போனது? ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நடந்ததெல்லாம் லண்டனில் நடந்தது. 1975 மே மாதத்தில் அங்குள்ள ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் இந்திய மருத்துவப் பட்டங்களுக்குக் கொடுத்திருந்த அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. அதற்கு முன் வாங்கிய பட்டம் செல்லும், பின் வாங்கிய பட்டம் செல்லாது. அவ்வளவுதான்!

ஒரு ஊரில் வாங்கிய பட்டம் இன்னொரு ஊரில் செல்லுமா என்பது படித்தவரின் மூளையைப் பொறுத்த விஷயம் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். டாக்டர் பட்டத்தின் கதையைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. இரண்டு கவுன்சில்கள் ஒன்றையொன்று நம்பினால் பட்டம் செல்லும். அவை சண்டை போட்டுக்கொண்டால் செல்லாது. நடுவில் மாட்டிக்கொள்பவர் பட்டம் வாங்கியவர். இந்தச் சண்டை 1975ல் தொடங்கியதும் அல்ல, அப்போது முடிந்ததும் அல்ல.

யாரும் சர்டிபிகேட் கேட்காத காலம்

முதலில் எதிர்த்திசையில் இருந்து தொடங்குவோம். மதுரைக்கு வெளிநாட்டுப் பட்டத்தோடு டாக்டர்கள் வந்த கதை அது.

அமெரிக்க மிஷனரிகள் 1834ல் யாழ்ப்பாணத்தில் இருந்து மதுரைக்கு வந்து ஒரு மிஷனைத் தொடங்கினார்கள். பசுமலை, திண்டுக்கல், மானாமதுரை என்று சுற்று வட்டாரத்தில் பரவிய அந்த மிஷனில் பள்ளிக்கூடங்களோடு மருத்துவமும் சேர்ந்தே வந்தது. 1890களின் கடைசியில் டாக்டர் ஃபிராங்க் வான் ஆலன் மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனை கட்டினார். அதற்கான பணத்தில் பெரும்பகுதி உள்ளூர் ஜமீன்தார்களும் வணிகர்களும் தந்தது. டாக்டர் ஹாரியட் பார்க்கர் பெண்களுக்கான மருத்துவமனையை நடத்தினார். கீழவெளி வீதியில் இன்று கிறிஸ்டியன் மிஷன் ஆஸ்பத்திரி என்று இருப்பது இந்த இரண்டின் வாரிசுதான்.

இவர்களெல்லாம் அமெரிக்காவில் படித்தவர்கள். அந்த அமெரிக்கப் பட்டம் மதுரையில் செல்லுமா என்று அப்போது யாராவது கேட்டார்களா? கேட்க ஆள் இல்லை. டாக்டர்களைப் பதிவு செய்யும் சட்டமே சென்னை மாகாணத்தில் கிடையாது. அது 1914ல்தான் வந்தது. அதுவரை யார் வேண்டுமானாலும் வைத்தியம் பார்க்கலாம். நோயாளி பிழைத்தால் நல்ல டாக்டர்.

யாழ்ப்பாணத்தில் இதைவிடச் சுவாரஸ்யமான ஒன்று நடந்தது. டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்கர் மானிப்பாயில் 1848 முதல் உள்ளூர் இளைஞர்களுக்கு மேல்நாட்டு மருத்துவம் கற்றுக்கொடுத்தார். பிறகு பாடத்தையே தமிழுக்கு மாற்றினார். உடற்கூறு, ரண வைத்தியம், பிரசவம் என்று ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தமிழாக்கினார். அவரிடம் தமிழில் படித்துத் தேறியவர்கள் ஊர் ஊராகப் போய் டாக்டராக வேலை பார்த்தார்கள். அவர்கள் கையில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டமும் இல்லை. 'கிரீனிடம் படித்தவர்' என்பதே சர்டிபிகேட். பின்னால் பதிவுச் சட்டங்கள் வந்தபிறகு தமிழில் படித்து டாக்டராகும் வழி அடைபட்டுப்போனது. மொழிபெயர்ப்பு தரமில்லாததால் அல்ல, அதை ஒப்புக்கொள்ளும் பதிவேடு எதுவும் இல்லாததால்.

இங்கிலாந்தில் பதிவேடு முன்பே வந்துவிட்டது. 1858ல் போட்ட மருத்துவச் சட்டம்தான் ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலை உண்டாக்கியது. யார் படித்த டாக்டர், யார் போலி என்று மக்களுக்குத் தெரிய வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் பதிவேடு என்று ஒன்று வந்தாலே, அதில் யார் பேரை எழுதுவது, யார் பேரை விடுவது என்ற சண்டையும் கூடவே வந்துவிடும்.

1930: ஒரு தந்தியில் போன மரியாதை

1886ல் இங்கிலாந்து இன்னொரு சட்டம் போட்டது. 'எங்கள் பட்டத்தை நீங்கள் ஒப்புக்கொண்டால் உங்கள் பட்டத்தை நாங்கள் ஒப்புக்கொள்கிறோம்' என்ற கொடுக்கல் வாங்கல் ஏற்பாடு அது. அதன்படி 1892ல் இந்தியப் பல்கலைக்கழகங்களின் மருத்துவப் பட்டங்களுக்கு லண்டனில் அங்கீகாரம் கிடைத்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கியவர் பிரிட்டிஷ் பதிவேட்டில் பேரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றானது.

இதில் என்ன லாபம் என்று கேட்கலாம். மதுரையிலோ திருநெல்வேலியிலோ உட்கார்ந்து ஊசி போடுவதற்கு லண்டன் பதிவு எதற்கு? அரசாங்கத்தின் உயர்ந்த மருத்துவ உத்தியோகம் ஐ.எம்.எஸ். அதற்குப் பரீட்சை நடந்தது லண்டனில். அங்கே போட்டியிட பிரிட்டிஷ் பதிவு தேவைப்பட்டது. மேற்படிப்புக்கு எஃப்.ஆர்.சி.எஸ்., எம்.ஆர்.சி.பி. என்று போகிறவர்களுக்கும் அது வழி. இதற்கெல்லாம் மேலே ஒரு கௌரவம்: இங்கிலாந்து டாக்டரும் இந்திய டாக்டரும் ஒரே பதிவேட்டில்.

முதல் உலகப்போருக்குப் பிறகு லண்டனுக்குச் சந்தேகம் வந்தது. இந்தியாவில் பிரசவம் பார்க்கும் பயிற்சி சரியில்லை, ஒவ்வொரு மாணவரும் போதுமான பிரசவங்களை நேரில் பார்ப்பதில்லை என்றார்கள். இது முழுப் பொய்யும் இல்லை. அன்றைய இந்தியாவில் பிள்ளை பெற ஆஸ்பத்திரிக்கு வந்த பெண்களே குறைவு. வீட்டில் மருத்துவச்சி கையில்தான் பிரசவம். மாணவன் எங்கே போய்ப் பார்ப்பான்? கல்லூரிகளைச் சோதிக்க ஆள் அனுப்புவோம் என்றது லண்டன். கல்கத்தா பல்கலைக்கழகம் முரண்டு பிடித்தது. 1924ல் கல்கத்தா பட்டத்தின் அங்கீகாரம் போனது. சென்னை, பம்பாய் பட்டங்கள் தப்பித்தன, அப்போதைக்கு.

பிறகு இந்திய அரசாங்கம் ஒரு யோசனை சொன்னது. மருத்துவப் படிப்பின் தரத்தைக் கண்காணிக்க ஒரு கமிஷனரைப் போடுவோம், அவர் சொல்வதை லண்டன் நம்பும் என்றது. அந்த வேலைக்குக் குறிக்கப்பட்டவர் ஏற்கனவே கல்லூரிகளைச் சோதித்துக்கொண்டிருந்த நீதாம் என்ற ஐ.எம்.எஸ். அதிகாரி. டில்லி சட்டசபையில் இருந்த இந்திய உறுப்பினர்களுக்கு இது பிடிக்கவில்லை. நம் கல்லூரிகளுக்கு மார்க் போட லண்டன் நம்பும் ஒரு வெள்ளைக்கார அதிகாரி, அதற்குச் சம்பளம் நம் பணத்தில் இருந்தா என்று எதிர்த்தார்கள். ஏற்பாடு முறிந்தது. 1930 பிப்ரவரியில் லண்டன் கவுன்சில் இந்தியப் பட்டங்கள் எல்லாவற்றின் அங்கீகாரத்தையும் நிறுத்தியது.

தேதியைக் கவனித்தால் ஒன்று புரியும். 1930 பிப்ரவரி. அடுத்த மாதம் காந்தி தண்டிக்குக் கிளம்புகிறார். நாடே சுயராஜ்யம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் இந்திய டாக்டர்களுக்கு விழுந்த இந்த அடி வெறும் தொழில் சமாச்சாரமாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. 'எங்கள் படிப்பை அளக்க நீங்கள் யார்' என்ற கேள்வி டாக்டர்கள் சங்கங்களில் எழுந்தது. பதிலாக வந்ததுதான் 1933ம் வருஷத்து இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம். அடுத்த வருஷமே கவுன்சில் உருவானது. இனி இந்தியக் கல்லூரிகளை இந்தியக் கவுன்சில் சோதிக்கும், லண்டன் கவுன்சில் இந்தியக் கவுன்சிலோடு பேசிக்கொள்ளும். 1936ல் அங்கீகாரம் திரும்பி வந்தது.

அடிபட்டவர்கள் எழுந்து நின்ற கதை என்று இதோடு நிறுத்திவிட்டால் நன்றாக இருக்கும். ஆனால் லண்டன் செய்ததையே இந்தியாவின் புதுக் கவுன்சில் தன் ஊர்க்காரர்களுக்குச் செய்தது. எல்.எம்.பி. என்று ஒரு படிப்பு அப்போது இருந்தது. பல்கலைக்கழகக் கல்லூரியில் இல்லாமல் மெடிக்கல் ஸ்கூலில் படித்து வாங்குவது. சின்ன ஊர்களில், தாலுகா ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்த ஏராளமான டாக்டர்கள் எல்.எம்.பி.க்கள்தான். நாட்டு டாக்டர்களில் பெரும்பான்மை அவர்கள். 1933 சட்டம் அவர்களை வெளியே விட்டுவிட்டது. அவர்களைச் சேர்த்தால் லண்டன் முகம் சுளிக்கும் என்ற பயம் அதற்கு ஒரு காரணம். 'எங்களை அளக்க நீங்கள் யார்' என்று கேட்டவர்கள், தாங்கள் அளக்கும்போது அதே தராசைத்தான் எடுத்தார்கள். பிறகு 1946ல் போர் கமிட்டி, நாட்டில் ஒரே ஒரு வகை அடிப்படை டாக்டர்தான் இருக்க வேண்டும் என்று சொன்னது. எல்.எம்.பி. பள்ளிகள் மூடப்பட்டன அல்லது கல்லூரிகளாயின. ஏற்கனவே படித்தவர்கள் சுருக்கப் படிப்பு ஒன்றை முடித்து எம்.பி.பி.எஸ். ஆகலாம் என்று வழிவிட்டார்கள். பத்துப் பதினைந்து வருஷம் வைத்தியம் பார்த்தவர் மறுபடி மாணவராகி பெஞ்சில் உட்கார வேண்டும்!

பெரியாஸ்பத்திரிப் பிள்ளைகள்

இந்தப் பின்னணியில்தான் 1954ல் மதுரை மருத்துவக் கல்லூரி பிறந்தது. எர்ஸ்கின் ஆஸ்பத்திரிதான் அதன் பயிற்சிக்கூடம். பின்னால் ராஜாஜி பெயர் வைத்தார்கள். மதுரைக்காரர்களுக்கு எப்போதும் பெரியாஸ்பத்திரி. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் கிராமங்களில் இருந்தும் ராமநாதபுரம் வறண்ட காட்டில் இருந்தும் வந்த நோயாளிகளைப் பார்த்துத்தான் மாணவர்கள் தொழில் கற்றார்கள். டாக்டர் படிக்கச் சென்னை போக வேண்டிய தேவை தென்மாவட்டப் பிள்ளைகளுக்குக் குறைந்தது.

இந்தக் கல்லூரிப் பட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஆரம்பத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெயரில் பட்டம். 1966ல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்ததும் அதன் பெயரில். 1978ல் அது மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆனது. 1980களின் கடைசியில் மருத்துவக் கல்லூரிகள் எல்லாம் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குப் போயின. கல்லூரி இருந்த இடத்திலேயே இருக்கிறது, பட்டத்தில் நாலு பெயர். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் உட்கார்ந்து பட்டியலைச் சரிபார்க்கிற குமாஸ்தாவுக்கு இது நாலு தனித்தனி இடம். இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டத்தின் அட்டவணையில் பல்கலைக்கழகத்தின் பெயரும் பட்டத்தின் பெயரும் இருந்தால்தான் பட்டம் பட்டம். கல்லூரியின் கட்டடமோ வாத்தியாரின் திறமையோ அந்த அட்டவணையில் இல்லை.

1948ல் இங்கிலாந்து தன் மக்கள் எல்லோருக்கும் இலவச மருத்துவத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு ஆள் போதவில்லை. அங்கே படித்த டாக்டர்கள் பலர் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். இந்தியாவில் ஆங்கிலத்தில் படித்த, லண்டன் அங்கீகாரம் உள்ள டாக்டர்கள் தயாராக இருந்தார்கள். கதவு திறந்தது. 1971ல் இங்கிலாந்தின் அந்தத் திட்டத்தில் வேலை பார்த்த டாக்டர்களில் சுமார் 31 விழுக்காடு வெளிநாட்டில் பிறந்து வெளிநாட்டில் படித்தவர்கள். அவர்களில் பெரும்பகுதி இந்தியத் துணைக்கண்டத்தவர்.

கதவு திறந்தது, ஆனால் எந்த அறைக்கு? பட்டம் செல்லும் என்று ஒப்புக்கொண்டாலும் மதிப்பு ஒன்றாக இல்லை. இதய சிகிச்சை, அறுவை சிகிச்சை போன்ற மவுசு உள்ள துறைகள் உள்ளூர்க்காரர்களுக்கு. முதியோர் மருத்துவம், மனநல மருத்துவம், வேல்ஸ் பகுதியின் நிலக்கரிச் சுரங்க ஊர்கள், வட இங்கிலாந்தின் தொழிற்பேட்டைகள் வந்தவர்களுக்கு. அந்த ஊர்களில் இரண்டு தலைமுறைக்கு ஜனங்களைப் பார்த்துக்கொண்டது இந்திய டாக்டர்கள்தான் என்று இன்று அங்கே வரலாறு எழுதுகிறவர்களே சொல்கிறார்கள்.

பிறகு 1975. மருத்துவத் தொழிலை ஒழுங்குபடுத்துவது பற்றி ஆராய்ந்த மெர்ரிசன் கமிட்டி அந்த வருஷம் அறிக்கை கொடுத்தது. வெளிநாட்டு டாக்டர்களில் சிலரின் தரம் ஏற்கத்தக்கதாக இல்லை என்றது அது. சில வாரங்களில் இந்தியப் பட்டங்களின் அங்கீகாரம் போனது. ஜூனில் புதுப் பரீட்சை வந்துவிட்டது. மருத்துவ அறிவும் ஆங்கிலமும் சோதிக்கிற பரீட்சை. முதலில் எழுதியவர்களில் பெரும்பாலோர் தோற்றார்கள். இன்று பிளாப் என்று சொல்லப்படும் பரீட்சையின் தாய் அதுதான்.

இதே காலத்தில் இங்கிலாந்து ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்திருந்தது. அந்த ஒப்பந்தத்தின்படி இத்தாலியிலோ ஜெர்மனியிலோ தங்கள் தாய்மொழியில் மருத்துவம் படித்தவர் அறிவுப் பரீட்சை எதுவும் எழுதாமல் பதிவு செய்துகொள்ளலாம். முழுக்க ஆங்கிலத்தில், இங்கிலாந்துப் பாடப்புத்தகங்களையே படித்த மதுரைக்காரர் பரீட்சை எழுத வேண்டும். தரம்தான் காரணம் என்றால் இதை எப்படி விளக்குவது?

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. பதிலுக்குப் பதில் என்று பிரிட்டிஷ் பட்டங்களின் அங்கீகாரத்தை இங்கே எடுத்தது. 1978 நவம்பருக்குப் பிறகு வாங்கிய பிரிட்டிஷ் பட்டம் இந்தியாவில் செல்லாது. ரோஷம் சரி, யாருக்கு நஷ்டம்? அங்கே போய் எம்.ஆர்.சி.பி.யோ எஃப்.ஆர்.சி.எஸ்.ஸோ வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய நம் டாக்டருக்குத்தான். போர்டில் எழுதிக்கொள்ளலாம், நோயாளிகள் மதிப்பார்கள், ஆனால் சட்டப்படி அது மேற்படிப்பு ஆகாது. இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளின் மேற்படிப்புகளை இந்தியா ஒப்புக்கொண்டது 2008ல். முப்பது வருஷம்!

அமெரிக்காவுக்குப் போக வேண்டுமா? கொழும்புக்குப் போ

லண்டன் கதவு இறுகிக்கொண்டிருந்த காலத்தில் அமெரிக்கக் கதவு அகலத் திறந்திருந்தது. 1965ல் அங்கே குடியேற்றச் சட்டம் மாறியது. இந்தியாவில் இருந்து டாக்டர்கள் போகத் தொடங்கினார்கள். அமெரிக்க முறை வேறு. நாட்டுக்கு நாடு ஒப்பந்தம் கிடையாது. 1956ல் தொடங்கிய ஈ.சி.எஃப்.எம்.ஜி. என்ற அமைப்பு ஒவ்வொரு ஆளையும் தனித்தனியாகச் சோதிக்கும். பரீட்சையில் தேறி, பட்டமும் உண்மை என்று நிரூபித்தால் சான்றிதழ். அதற்குப் பிறகும் அங்கே வருஷக்கணக்கில் ரெசிடென்சி பயிற்சி.

படித்த டாக்டர்கள் கப்பலேறிப் போவதைப் பார்த்து இந்திய அரசுக்குக் கவலை வந்தது. 1960களின் கடைசிவாக்கில் அந்தப் பரீட்சையை இந்திய மண்ணில் நடத்தக்கூடாது என்று தடுத்துவிட்டது. விளைவு, கொழும்பு போன்ற வெளியூர்களுக்குப் போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வந்தார்கள். 1984 வரை ராமேஸ்வரத்தில் இருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. மதுரைக்கு அமெரிக்காவின் வாசல் டில்லியில் இல்லை, பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இருந்தது! தடையால் நின்றவர்கள் யார்? டிக்கெட்டுக்குப் பணம் இல்லாதவர்கள். பணம் புரட்ட முடிந்தவர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

பரீட்சை பாதிதான். மீதி காகிதம். ஐந்தரை வருஷத்தின் ஒவ்வொரு பாடத்தின் மதிப்பெண்ணும் அடங்கிய டிரான்ஸ்கிரிப்ட் வேண்டும். டீன் கையெழுத்து வேண்டும். அது மாணவர் கைக்கு வராமல், கல்லூரியின் முத்திரையோடு ஒட்டிய கவரில் நேராக அங்கே போய்ச் சேர வேண்டும். ஃபோட்டோவில் பாதி, காகிதத்தில் பாதி விழுகிற மாதிரி முத்திரை வேண்டும். முத்திரை நகர்ந்து விழுந்தால் திரும்பி வரும், இன்னொரு மூன்று மாதம் போகும்.

இதற்கு நடுவில் தமிழனுக்கு மட்டும் ஒரு தனித் தொல்லை உண்டு, இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் 'மு. கண்ணன்'. பாஸ்போர்ட்டில் 'கண்ணன் முத்தையா'. அங்கே படிவத்தில் குடும்பப்பெயர் என்ற கட்டம். எதை எழுதுவது? அப்பா பெயரைக் குடும்பப்பெயர் ஆக்கினால் டாக்டர் முத்தையா என்று அப்பாவைக் கூப்பிடுவார்கள். தன் பெயரையே குடும்பப்பெயர் ஆக்கினால் முதல் பெயர்க் கட்டம் காலி. பட்டத்தில் இருக்கிற ஆளும் பாஸ்போர்ட்டில் இருக்கிற ஆளும் ஒருவர்தான் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் எழுதி வாங்கிச் சேர்ப்பார்கள். சாதிப்பெயரை விட்டுவிட்ட ஒரு சமூகம் அதற்காக உலகம் முழுக்கப் பிரமாணப் பத்திரம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இந்த நுணுக்கமெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. முன்னால் போன சீனியர் எழுதும் கடிதத்தில்தான் இருந்தது. யாருக்கு எழுத வேண்டும், எந்தப் படிவம், எந்த ஆஸ்பத்திரி வெளிநாட்டுக்காரரை எடுக்கும் என்று ஒருவர் போய் அடுத்தவருக்குச் சொன்னார். போனவர்கள் அங்கே சங்கமும் அமைத்தார்கள். இங்கிலாந்தில் 1975 அடிக்குப் பிறகு அந்த வருஷமே வெளிநாட்டு டாக்டர்கள் சங்கம் ஒன்று உருவானது. அமெரிக்காவில் 1982ல் இந்திய வம்சாவளி மருத்துவர்கள் சங்கம். உள்ளூரில் படித்தவருக்கு ஒரு வருஷப் பயிற்சி முடிந்ததும் லைசென்ஸ், வெளிநாட்டில் படித்தவருக்கு மூன்று வருஷம் என்று பல மாநிலங்களில் இருந்த வித்தியாசத்தை எதிர்ப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று.

காகிதமே இல்லாதவர்கள்

காகிதம் இருந்தும் இவ்வளவு பாடு. இல்லாதவர்களுக்கு? 1983க்குப் பிறகு இலங்கையில் இருந்து படகேறி வந்தவர்கள் மதுரைப் பக்கம் திருவாதவூர், உச்சப்பட்டி, ஆனையூர் முகாம்களில் வந்து தங்கினார்கள். க.பொ.த. சாதாரண தரமும் உயர் தரமும் படித்த பிள்ளைகள் அவர்களில் இருந்தார்கள். உயிருக்கு ஓடியவர்களில் எத்தனை பேர் சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பார்கள்? அவர்களுக்காக 1984ல் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் கல்வியோடு, பிறப்புச் சான்றிதழ் வாங்கித் தருவது போன்ற ஆவண வேலைகளையும் ஒரு பெரிய பணியாகச் செய்தது. சட்டத்தின் கண்ணில் படிப்புக்கு முன்னால் பிறந்ததையே நிரூபிக்க வேண்டியிருந்தது.

இங்கே படித்துவிட்டு அங்கே திரும்பினாலும் சுமை முடியாது. வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர் இலங்கையில் தொழில் செய்ய ஒரு தனிப் பரீட்சை எழுத வேண்டும். தமிழ்நாடு அங்கே வெளிநாடுதான்.

மறுபடியும் லண்டன், பிறகு கீவ்

2000களின் தொடக்கத்தில் பிளாப் எழுதுவது இந்தியாவில் ஒரு அலையாக இருந்தது. சென்னையில் முதல் பகுதி, இங்கிலாந்தில் இரண்டாம் பகுதி. தேறியவர்கள் அங்கேயே தங்கி வேலை தேடினார்கள். இங்கிலாந்து அரசு 2006 ஏப்ரலில் திடீரென்று விசா விதியை மாற்றியது. பரீட்சை தேறியது செல்லும், ஆனால் வேலை உள்ளூர்க்காரருக்கும் ஐரோப்பியருக்கும் போக மீதி இருந்தால்தான். கடன் வாங்கிப் போயிருந்த ஆயிரக்கணக்கான டாக்டர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் பகுதியில் ஒரே அறையில் பலர் படுத்து, கோவில் சாப்பாட்டில் காலம் தள்ளிய இளம் டாக்டர்களைப் பற்றி அப்போது பத்திரிகைகளில் செய்தி வந்தது. பிரிட்டனில் உள்ள இந்திய வம்சாவளி மருத்துவர்கள் சங்கம் வழக்குப் போட்டது. 2008 ஏப்ரலில் பிரபுக்கள் சபை, சுகாதாரத் துறையின் அந்த வழிகாட்டுதல் சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்புச் சொன்னது. ஜெயித்தார்கள். அதற்குள் பலர் ஊர் திரும்பியிருந்தார்கள்.

இப்போது எதிர்த்திசையைப் பார்ப்போம். வான் ஆலன் காலத்தில் சர்டிபிகேட் கேட்காத மதுரைக்கு இன்று வெளிநாட்டு மருத்துவப் பட்டத்தோடு வருகிறவர்கள் யார்? அமெரிக்கர்கள் இல்லை. ரஷ்யா, உக்ரைன், சீனா, பிலிப்பைன்ஸ் போய்ப் படித்துவிட்டுத் திரும்பும் நம் பிள்ளைகள். அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காமல், தனியார் கல்லூரியின் கட்டணம் கட்ட முடியாமல், நிலத்தையோ நகையையோ வைத்துப் போனவர்கள். 2002 மார்ச்சுக்குப் பிறகு வெளிநாட்டுப் பட்டம் வாங்கிய இந்தியர்கள் ஒரு தகுதிப் பரீட்சையில் தேற வேண்டும். 300 கேள்விகள், 150 எடுத்தால் தேர்ச்சி. பல வருஷங்களில் எழுதியவர்களில் ஐந்தில் ஒருவர்கூடத் தேறவில்லை. தோற்றவர் மறுபடி எழுதுவார், மறுபடியும். ஊரில் டாக்டர் என்று கூப்பிடுவார்கள், சட்டப்படி ஒரு மாத்திரை எழுதித்தர முடியாது.

'பயிற்சி போதாது, நேரில் நோயாளிகளைப் பார்ப்பதில்லை' என்று இவர்களைப் பற்றி இங்கே சொல்கிறார்கள். 1920களில் கல்கத்தா மாணவர்களைப் பற்றி லண்டன் சொன்ன அதே வாக்கியம்! அப்போது போலவே இப்போதும் அதில் உண்மை இருக்கிறது. மொழி தெரியாத ஊரில் நோயாளியிடம் என்ன பேசிக் கற்றுக்கொள்ள முடியும்? ஆனால் அப்போது போலவே, குறையைச் சரிசெய்யும் பொறுப்பு முழுக்க மாணவன் தலையில். அனுப்பிய ஏஜெண்டும் பணம் வாங்கிய கல்லூரியும் கணக்கில் வருவதில்லை.

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் வந்தபோது சுமார் 22,500 இந்தியர்கள் அங்கிருந்து திரும்பினார்கள். பெரும்பாலும் மருத்துவ மாணவர்கள். தமிழ்நாட்டுக்காரர்கள் மட்டும் ஆயிரத்துக்கும் மேலே. ஆன்லைனில் படித்தால் செல்லாது என்றது விதி. இந்தியக் கல்லூரியில் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை. மாதக்கணக்கில் நீதிமன்றத்தில் நின்றார்கள். வேறு நாட்டுக் கல்லூரிக்கு மாறிக்கொள்ள ஒரு வழி அந்த வருஷம் செப்டம்பரில் வந்தது. படிப்பின் கடைசிக் கட்டத்தில் திரும்பியவர்கள் இங்கேயே இறுதித் தேர்வு எழுத ஒரே ஒருமுறை வாய்ப்பு 2023 மார்ச்சில் வந்தது, கூடவே இரண்டு வருஷக் கட்டாயப் பயிற்சியும்.

பழைய இந்திய மருத்துவக் கவுன்சில் இப்போது இல்லை. 2020 செப்டம்பரில் அதன் இடத்துக்குத் தேசிய மருத்துவ ஆணையம் வந்துவிட்டது. அமெரிக்கர்கள் புது நிபந்தனை ஒன்று வைத்திருந்தார்கள். உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பு ஒப்புக்கொண்ட அமைப்பிடம் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்தவரா என்று பார்ப்போம் என்றார்கள். தேசிய மருத்துவ ஆணையம் அந்தக் கூட்டமைப்பிடம் விண்ணப்பித்து 2023 செப்டம்பரில் பத்து வருஷ அங்கீகாரம் வாங்கியது. பெரியாஸ்பத்திரி வார்டில் நின்று படிக்கிற இன்றைய மாணவருக்கு இதில் ஒரு பங்கும் இல்லை, அவர் பட்டம் அதில் அடக்கம். லண்டனிலும் ஒன்று மாறியிருக்கிறது. 2024ல் இருந்து பிளாப் பரீட்சையின் பாடத்திட்டமும், அந்த ஊர் மாணவர்கள் தங்கள் படிப்பின் கடைசியில் எழுத வேண்டிய பரீட்சையின் பாடத்திட்டமும் ஒன்று. மதுரையில் படித்தவரும் மான்செஸ்டரில் படித்தவரும் ஒரே அளவுகோலில் சோதிக்கப்படுகிறார்கள். கட்டணமும் விசாவும் மட்டும் இன்னும் மதுரைக்காரருக்குத் தனி.